பூச்சிமருந்து பட்டு வளர்ற ஈயோட கண்ணு என்ன ஆகும்: காலேஜ் லேப்லயே செஞ்சு பாக்க முழு வழிகாட்டி

எம்எஸ்சி ஜூவாலஜி, பயோடெக் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு பூச்சிமருந்துன்னு தலைப்பு எடுத்தா பெரும்பாலும் எத்தனை செத்துச்சுன்னு எண்ணி, எல்சி50, அதாவது பாதி பூச்சியை சாகடிக்கிற அளவைப் போட்டு, அதோட பைண்டிங்குக்கு குடுத்துடறாங்க. சாகாம தப்பிச்சதுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறவங்க ரொம்ப கம்மி. ஆனா வயல்ல நிறைய நடக்கறது அதுதான், வரப்புல தெறிச்சது, பூவுல ஒட்டினது, தண்ணில கரைஞ்சு வந்ததுன்னு சாகடிக்காத அளவு மருந்தை தின்னுகிட்டே வளர்ற பூச்சிங்க ஏராளம். அதோட வளர்ச்சி எங்கயாவது தடம் மாறிச்சான்னு வெளியில இருந்தே கண்டுபிடிக்கணும்னா கண்ணை விட நல்ல இடம் கிடையாது. பெரிய மெஷின் இல்லாத லேப்ல கூட செய்யற மாதிரி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் இங்க எழுதறேன், பழ ஈயை, அதாவது ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டரை வச்சு.

முதல்ல ஏன் கண்ணுன்னு சொல்லிடறேன். பழ ஈயோட ஒரு கூட்டுக்கண்ணுல கிட்டத்தட்ட 750ல இருந்து 800 ஒமட்டிடியம், அதாவது குட்டி குட்டி கண் அலகு இருக்கும், தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமா வரிசை பிசகாம. ஒவ்வொண்ணுக்குள்ளயும் வெளிச்சத்தை வாங்கற செல் எட்டு, லென்ஸை உண்டாக்கற கோன் செல் நாலு, சுத்தி நிறமி செல்கள், ஓரத்துல குட்டி முடி. இந்த வரிசை அவ்வளவு கறாரா இருக்கறதால எங்கயாவது நாலஞ்சு செல் தப்பான நேரத்துல செத்தாலோ, கூடுதலா பிரிஞ்சாலோ, இடம் மாறி நின்னாலோ மேல அப்படியே தெரிஞ்சுடும். இன்னொரு வசதி, கண்ணு கெட்டாலும் லேப்ல ஈ சாகாது. கண்ணே இல்லாத ஈ கூட புட்டிக்குள்ள சாப்பிட்டு வாழும். அதனால குடல், மூளைன்னு போனா செத்துப் போயிருக்க வேண்டிய சேதத்தை இங்க உயிரோட பாக்கலாம்.

இது வெறும் லேப் விளையாட்டுன்னு நினைக்காதீங்க. ஃபெனாக்ஸிகார்ப்னு ஒரு மருந்து, பூச்சியை புழு நிலையிலயே பிடிச்சு வச்சிருக்கிற ஜுவனைல் ஹார்மோன் மாதிரியே நடிக்கிற வகை. 1980கள்ல நெதர்லாந்துல பூத்திருந்த ஆப்பிள் தோட்டத்துல அதை அடிச்சு தேனீக்கு என்ன ஆகுதுன்னு பாத்தாங்க, 1987ல அந்த ஆய்வு வெளியாச்சு. பறந்து போய் தேன் எடுக்கிற பெரிய தேனீக்கு ஒண்ணும் ஆகல, மருந்து அடிச்ச அன்னிக்கு பாத்தா எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. நாள் கழிச்சுதான் கூட்டுல இருந்து செத்த ப்யூப்பாக்களை (கூட்டுப்புழுக்களை) வேலைக்காரத் தேனீங்க வெளிய தள்ள ஆரம்பிச்சுது, அதோட கண்ணு ஓரத்துல நிறம் ஏறாம ஒரு வெள்ளை விளிம்பு. தேனீயோட ப்யூப்பா கண்ணு வெள்ளைல ஆரம்பிச்சு, இளஞ்சிவப்பாகி, ஊதா கலந்த பழுப்பாகி, கடைசில கறுப்பாகும், ப்யூப்பாவோட வயசையே தேனீ ஆளுங்க கண்ணு நிறத்தை வச்சுதான் சொல்லுவாங்க. அந்த வரிசை பாதியில அறுந்து போனதோட அடையாளம்தான் அந்த வெள்ளை ஓரம். செத்த எண்ணிக்கையை மட்டும் பாத்திருந்தா எந்த மருந்து, எந்த கட்டத்துல அடிச்சுதுன்னு தெரிஞ்சிருக்காது.

இதுல நான் திரும்பத் திரும்ப சொல்லப்போற விஷயம் ஒண்ணுதான். கண்ணுல மாற்றத்தை பாக்கறது சுலபம், அதை மருந்து நேரடியா பண்ணுச்சுன்னு நிரூபிக்கறதுதான் கஷ்டம். பசி, நெரிசல், சூடு மூணுமே கண்ணை மாத்தும். இந்த மூணையும் கழிக்காம எழுதற ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கிடையாது.

ஸ்டெப் 1: கண்ணு எப்ப உருவாகுதுன்னு நேரக்கணக்கை மனப்பாடம் பண்ணுங்க

25 டிகிரில முட்டை போட்டு சுமார் 24 மணி நேரத்துல புழு வெளிய வரும். 48வது மணி நேரம் வாக்குல ரெண்டாவது இன்ஸ்டார் (ஒவ்வொரு தடவை தோல் உரிக்கறதுக்கும் நடுவுல இருக்கிற புழு நிலை), 72 வாக்குல மூணாவது, 120 வாக்குல ப்யூப்பா, ஒன்பது பத்து நாள்ல முழு ஈ. பெரிய ஈயோட கண்ணு புழுவுக்குள்ளயே ஒரு சின்ன பை மாதிரி ஒளிஞ்சிருக்கும், கண்-உணர்கொம்பு டிஸ்க்னு சொல்லுவோம். மூணாவது இன்ஸ்டார் வர்ற வரைக்கும் அதுல செல் பெருகிட்டே இருக்கும், அவ்வளவுதான். மூணாவது இன்ஸ்டார்ல டிஸ்க்கோட பின்பக்கத்துல இருந்து முன்பக்கம் ஒரு பள்ளம் மெதுவா நகரும், மார்ஃபோஜெனிடிக் ஃபர்ரோன்னு பேரு, அது கடந்து போற இடத்துல எல்லாம் ஒமட்டிடியம் ஒவ்வொண்ணா முளைக்கும். வெளிச்சம் வாங்கற எட்டு செல்லுக்கும் ஆர்1ல இருந்து ஆர்8 வரைக்கும் பேரு. முதல்ல ஆர்8 செல், அப்புறம் ஆர்2 ஆர்5, ஆர்3 ஆர்4, ஆர்1 ஆர்6, கடைசில ஆர்7. ப்யூப்பா ஆன முதல் ஒன்றரை நாள்ல மிச்சமா நிக்கிற செல்கள் தானா செத்து வரிசை ஒழுங்காகும். பாதி ப்யூப்பா காலத்துக்கு மேல நிறமி ஏறும், லென்ஸ் சுரக்கும், வெளிச்சம் வாங்கற ரேப்டோமியர் வளரும்.

இது ஏன் முக்கியம்னா, எந்த கட்டத்துல மருந்து குடுத்தீங்களோ அதைப் பொறுத்து தப்போட ஜாடை மாறும். செல் பெருகற காலத்துல கெடுத்தா கண்ணு சின்னதாகும், எண்ணிக்கை குறையும். ஃபர்ரோ நகரும்போது கெடுத்தா வரிசை கலையும். ப்யூப்பா முன்பாதியில கெடுத்தா ரெண்டு ஒமட்டிடியம் ஒட்டிக்கும், முடி காணாம போகும் இல்ல ஒரே இடத்துல ரெண்டா முளைக்கும். பின்பாதின்னா நிறமும் லென்ஸும். இது பொது விதிதான், ஆனா ஸ்லைடை பாக்கும்போது எங்க தேடணும்னு வழி காட்டும்.

ஸ்டெப் 2: மருந்தை யோசிச்சு எடுங்க

கடைல கிடைச்சதை வாங்கிட்டு வந்து ஆரம்பிக்காதீங்க, அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாதான் கண்ணுல எதை எதிர்பாக்கறதுன்னு தெரியும். குளோர்பைரிஃபாஸ், அசிபேட் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் எல்லாம் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்சைமை அடைக்கும், கூடவே ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் (செல்லை அரிக்கிற ஆக்ஸிஜன் மூலக்கூறுங்க பெருகறது) உண்டாக்கி செல்லை சாகடிக்கும். லக்னோல இருக்கிற இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்துல குளோர்பைரிஃபாஸை ட்ரோசோஃபிலா புழுவுல வச்சு இந்த பக்கத்தை நல்லா பாத்திருக்காங்க. இமிடாகுளோப்ரிட் மாதிரி நியோனிகோட்டினாய்டு நரம்போட நிகோட்டினிக் ரிசெப்டர்ல போய் உக்காரும். 2020ல மெல்பர்ன் பல்கலைக்கழகத்து ஃபிலிப் பேட்டர்ஹாம் குழு ரொம்ப குறைஞ்ச அளவு இமிடாகுளோப்ரிட் குடுத்தே ஈயோட மூளைல ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், கண்ணுல கொழுப்புத் துளி, பார்வைக் குறைவுன்னு காட்டினாங்க. 2022ல ஸ்பினோசாடுலயும் பார்வை கெடறதை காட்டினாங்க. ஸ்பினோசாட் மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியால இருந்து வர்றது, இயற்கை விவசாயத்துலயே அனுமதிக்கிற மருந்து, அதனால இயற்கைல இருந்து வந்துச்சுன்னாலே பூச்சிக்கு பாதிப்பில்லன்னு எழுதிடாதீங்க.

வளர்ச்சியை நேரா தொடற மருந்துங்க தனி. பைரிப்ராக்ஸிஃபென், மெத்தோப்ரீன் எல்லாம் ஜுவனைல் ஹார்மோன் வேஷம் போடும். டைஃப்ளூபென்சுரான், லுஃபெனுரான் பூச்சியோட மேலோட்டுல இருக்கிற கைட்டின் உண்டாகறதை தடுக்கும், கண்ணோட லென்ஸ்லயும் கைட்டின் இருக்குன்னு ஞாபகம் வச்சுக்கங்க. வேப்பெண்ணைல இருக்கிற அசாடிராக்டின், தோல் உரிக்க வைக்கிற எக்டைசோன் ஹார்மோனை கெடுக்கும். முதல் தடவை செய்யறவங்களுக்கு என் யோசனை, ஒரு நரம்பு மருந்து, ஒரு ஹார்மோன் மருந்துன்னு ரெண்டை எடுத்து ஒப்பிடுங்க. ஒரே மருந்தை அஞ்சு டோஸ்ல பாக்கறதை விட இதுல விஷயம் அதிகம் கிடைக்கும்.

ஸ்டெப் 3: ஈயும் சாப்பாடும்

வாழைப்பழம் வச்சு பிடிச்ச ஈ வேணவே வேணாம், அதுல பல ஜாதி கலந்திருக்கும், ஏற்கனவே மருந்துக்கு பழகினதும் இருக்கும். மைசூர் பல்கலைக்கழக ட்ரோசோஃபிலா ஸ்டாக் சென்டர், பெங்களூர் என்சிபிஎஸ் வளாகத்து ஃப்ளை ஃபெசிலிட்டி மாதிரி இடத்துல காலேஜ் லெட்டர் குடுத்து கேளுங்க, ஓரிகான்-ஆர் இல்ல கேன்டன்-எஸ்ங்கற சாதாரண லேப் வகையை வாங்குங்க. வந்ததும் ரெண்டு தலைமுறை உங்க சாப்பாட்டுல உங்க ரூம்ல வளர விட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க.

சாப்பாட்டுக்கு மைசூர் முறையே போதும்: ஒரு லிட்டர் தண்ணிக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம், கடைசில ப்ரோபியானிக் அமிலம் 7.5 மில்லி. வெல்லத்துல கூட லாட்டுக்கு லாட்டு வித்தியாசம் வரும், முழு ப்ராஜெக்ட்டுக்கும் சேத்து ஒரே தடவையா வாங்கி வச்சுக்கங்க. மருந்தை கொதிக்கிற சாப்பாட்டுல ஊத்தினா பாதி அங்கயே சிதைஞ்சுடும் இல்ல ஆவியா மூஞ்சில அடிக்கும், 50 டிகிரிக்கு கீழ இறங்கின பிறகு, அகர் இறுகறதுக்குள்ள கலக்கி உடனே புட்டில ஊத்துங்க. கண்ட்ரோல், அதாவது மருந்தே கலக்காத சாப்பாட்டை முதல்ல ஊத்துங்க, அப்புறம் குறைஞ்ச டோஸ், கடைசில அதிக டோஸ். கண்ணாடி புட்டின்னா மருந்து புட்டியையும் கண்ட்ரோல் புட்டியையும் ஆயுசுக்கும் கலக்காதீங்க.

ஸ்டெப் 4: கரைசல் கணக்கு

20 சதவீத ஈசி (தண்ணில கலக்கற எண்ணெய் மாதிரி திரவத் தயாரிப்பு) குளோர்பைரிஃபாஸ்னா ஒரு லிட்டர்ல 200 கிராம், ஒரு மில்லில 200 மில்லிகிராம். அந்த ஒரு மில்லியை மொத்தம் 200 மில்லி ஆக்கினா மில்லிக்கு 1 மில்லிகிராம், அதாவது 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு) ஸ்டாக். அதுல இருந்து ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டர் சாப்பாட்டுல கலந்தா 1 பிபிஎம். இவ்வளவுதான் கணக்கு, ஆனா டப்பால இருக்கிற ஈசில மருந்து மட்டும் இல்ல, அதை கரைச்சு வச்சிருக்கிற சால்வெண்ட், எமல்சிஃபையர் எல்லாம் சேந்து இருக்கு, அதுவும் ஈயை பாதிக்கும். டப்பா மருந்துல செஞ்சா "இந்த தயாரிப்பு இப்படி பண்ணுச்சு"ன்னுதான் எழுதலாம், "குளோர்பைரிஃபாஸ் இப்படி பண்ணுச்சு"ன்னு எழுத முடியாது. அப்படி எழுதணும்னா சுத்தமான அனலிட்டிகல் கிரேடு வாங்கி அசிட்டோன் இல்ல டிஎம்எஸ்ஓல கரைச்சு செய்யணும், அதே அளவு சால்வெண்ட் மட்டும் போட்ட கண்ட்ரோல் தனியா, வெறும் சாப்பாடு கண்ட்ரோல் தனியா.

நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி, ஃபியூம் ஹூட் இல்லாம ஸ்டாக்கை தொடாதீங்க. ஆர்கனோபாஸ்பேட் தோல் வழியாவும் ஏறும், ஈயோட அதே என்சைம்தான் நமக்கும்.

ஸ்டெப் 5: சாகடிக்காத டோஸை கண்டுபிடிங்க

முதல்ல 0.01, 0.1, 1, 10, 100 பிபிஎம்னு பத்து பத்து மடங்கா ஒரு ரவுண்டு. எந்த ரெண்டுக்கு நடுவுல எல்லாம் சாக ஆரம்பிக்குதோ அதுக்குள்ள அஞ்சாறு டோஸ் நெருக்கமா இன்னொரு ரவுண்டு. ஒரு புட்டிக்கு 50 புழு, ஒவ்வொரு டோஸுக்கும் குறைஞ்சது மூணு புட்டி, முடிஞ்சா அஞ்சு. முட்டையை எண்ணி வைக்காதீங்க, பொரிக்காத முட்டையும் மருந்துல செத்ததா கணக்குல சேந்துடும், பொரிச்ச புழுவை நனைச்ச பிரஷ்ல எடுத்து வைங்க.

எல்லாப் புழுவும் ஒரே வயசா இருக்கணும். பெட்டை ஈ முட்டையை வயித்துக்குள்ளயே பிடிச்சு வச்சிருக்கும், அதனால ஈஸ்ட் தடவின தட்டுல முதல் ஒரு மணி நேரம் போட்ட முட்டையை கொட்டிட்டு அடுத்த ரெண்டு மணி நேரத்துல போட்டதை மட்டும் எடுங்க.

கண்ட்ரோல்லயும் கொஞ்சம் சாகும், அதை அப்பாட் ஃபார்முலால கழிக்கணும். கண்ட்ரோல்ல 8 சதவீதம், மருந்துல 54 சதவீதம் செத்திருந்தா 54ல 8 கழிச்சு 46, அதை 92ஆல வகுத்தா 50 சதவீதம். கண்ட்ரோல்லயே 20க்கு மேல செத்துதுன்னா உங்க சாப்பாட்டுலயோ ரூம்லயோ ஏதோ கோளாறு, அந்த செட்டை தூக்கிப் போட்டுட்டு திரும்ப செய்யுங்க. ப்ராபிட்ங்கற புள்ளியியல் கணக்கு போட்டு எல்சி50 வந்ததும் அதுல பத்துல ஒண்ணு, இருவதுல ஒண்ணு, அம்பதுல ஒண்ணு, இந்த மூணும்தான் கண்ணு பாக்கறதுக்கான டோஸ்.

ஸ்டெப் 6: எப்ப குடுக்கறது

மூணு குரூப் வைங்க. முதல் குரூப் முதல் இன்ஸ்டார்ல இருந்து ப்யூப்பா வரைக்கும் மருந்து சாப்பாடு. ரெண்டாவது 72 மணி நேரம் வரைக்கும் நல்ல சாப்பாடு, அப்புறம் மருந்து. மூணாவது ப்யூப்பாவுக்கு, அது சாப்பிடாதே, அதனால ப்யூப்பா ஆகத் தொடங்கின வெள்ளை ப்ரீப்யூப்பாவை பொறுக்கி எடுத்து அசிட்டோன்ல கரைச்ச மருந்தை 0.2 மைக்ரோலிட்டர் அளவுல மேல ஒரு சொட்டு வைக்கணும். வெள்ளையா இருக்கிற அந்த நிலை ஒரு மணி நேரம் கிட்டத்தான் நிக்கும், அப்புறம் கூடு பழுப்பாகி இறுகிடும், அதனால பொறுக்கறதுக்கு ஒரு ஆள், சொட்டு வைக்கறதுக்கு ஒரு ஆள்னு ரெண்டு பேரா நின்னா நல்லது. ஹார்மோன் வகை மருந்துக்கு இந்த மூணாவது குரூப்தான் ரொம்ப முக்கியம்.

ஸ்டெப் 7: பசி, நெரிசல், சூடு, இதை கழிக்காம மேல போகாதீங்க

மருந்து கலந்த சாப்பாட்டை புழு குறைச்சு தின்னும், சில சமயம் கிட்டயே போகாது. குறைச்சு தின்னா உடம்பு சின்னதாகும், உடம்பு சின்னதானா கண்ணும் சின்னதாகும், ஒமட்டிடியம் எண்ணிக்கையும் குறையும். இதுல மருந்து கண் டிஸ்க்கை தொடவே இல்ல, வெறும் பசி. ரிப்போர்ட்ல "மருந்தால் கண் சிறுத்தது"ன்னு வந்துடும், வைவால யாராவது கேட்டா பதில் இருக்காது.

இதுக்கு மூணு வேலை. ஒண்ணு, சாப்பாட்டுல நீல ஃபுட் கலர் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு புழு வயித்தை பாருங்க, கண்ட்ரோல் புழு வயிறு அடர் நீலமா இருந்து மருந்து புழு வெளுத்து கிடந்தா அது தின்னல. ரெண்டு, பட்டினி கண்ட்ரோல்னு ஒரு குரூப் கட்டாயம் வைங்க, மருந்தே இல்லாம ரவையும் வெல்லமும் நாலுல ஒரு பங்காக்கி அகர் மட்டும் அதே அளவு. இந்த ஈயும் மருந்து ஈயும் ஒரே சைஸ்ல வந்து, மருந்து ஈக்கு மட்டும் கண்ணு கலைஞ்சிருந்தா அதுதான் உங்க கண்டுபிடிப்பு. மூணு, ஒவ்வொரு ஈக்கும் இறக்கை நீளத்தையும் அளந்து வைங்க, கண்ணு அளவை அதோட சேத்து பாருங்க, தனியா பாக்காதீங்க.

நெரிசலும் அப்படியேதான். மருந்து புட்டில பாதி புழு செத்துட்டா மிச்சத்துக்கு சாப்பாடு தாராளமா கிடைச்சு பெருசா வளரும், அதனால சேதம் மறைஞ்சுடும். டோஸ் குறைவா இருக்கணும்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு நம்ம ஊர்ல பெரிய பிரச்சனை. 25 டிகிரி இன்குபேட்டர் இருந்தும் மே மாசம் ரெண்டு மணி நேரம் கரண்ட் போனா உள்ள 32 காட்டும். சூட்டுல வளர்ற ஈ சின்னதா வரும், 30 தாண்டினா ஆண் ஈ மலடாகவும் செய்யும். இன்குபேட்டருக்குள்ள ஒரு மினிமம் மேக்சிமம் தெர்மாமீட்டர் வச்சு தினமும் எழுதுங்க, எல்லா குரூப்பும் ஒரே தட்டுல கலந்து வைங்க, கண்ட்ரோல் மேல மருந்து கீழன்னு அடுக்காதீங்க, மேல் தட்டும் கீழ் தட்டும் ஒரே சூடு கிடையாது.

பெட்டை ஈ உடம்பும் பெருசு கண்ணும் பெருசு, அதனால ஆணையும் பெண்ணையும் எப்பவும் தனித்தனியா அளங்க.

ஸ்டெப் 8: மைக்ராஸ்கோப்ல பாக்கறதும் நெயில்பாலிஷ் முறையும்

ஈதர் போட்டு மயக்கறதை விட ஐஸ் மேல பெட்ரி தட்டு வச்சு அதுல ஈயை போடறது நல்லது. ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்ல பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சு பாருங்க, நல்ல கண்ணுல வெளிச்சம் ஒரே சீரா பிரியும், கலைஞ்ச கண்ணு சொரசொரன்னு தெரியும், சிலது லென்ஸ் சரியா வராம பளபளன்னு இருக்கும், நடுவுல கறுப்பு புள்ளி இருந்தா செத்த திசு. இது முதல் சல்லடைதான். எஸ்ஈஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) இருந்தாதான் அடுத்த கட்டம்னு பல பேர் இங்கயே நிறுத்திடறாங்க, தேவையே இல்ல. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல ரிச்சா ஆர்யாவும் எஸ்.சி. லகோடியாவும் 2006ல கரண்ட் சயின்ஸ்ல ஒரு எளிமையான முறையை எழுதினாங்க, நெயில்பாலிஷ்ல கண்ணோட அச்சு எடுக்கறது. எஸ்ஈஎம்முக்கு வெளியூர் போய் காசு கட்டி காத்து கிடக்கறதுக்கு பதிலா உங்க டேபிள்லயே ஒரு மத்தியானத்துல நிறைய கண்ணை முடிச்சுடலாம்.

நிறம் இல்லாத, மினுமினுப்பு இல்லாத, புதுசா தண்ணியா இருக்கிற நெயில்பாலிஷ் வாங்குங்க, பழசு கெட்டியாகி நூல் நூலா வரும், காத்துக் குமிழி மாட்டும். ஸ்லைடு மேல ஒரு சின்ன சொட்டு விட்டு, மயங்கின ஈயோட தலையை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு கண்ணு கீழ பாத்த மாதிரி அந்த சொட்டுல மெதுவா பதிய வைங்க. அமுக்காதீங்க, கண்ணு உருண்டை, அமுக்கினா நடுவுல தட்டையாகி ஓர வரிசை எல்லாம் பொய்யா கோணலா தெரியும். நல்லா காயட்டும், அஞ்சு பத்து நிமிஷம், மழைக்காலம்னா இன்னும் கூட ஆகும். காஞ்சதும் நுனி ஊசியால தலையை ஒரு பக்கமா நெம்பி எடுத்துடுங்க, பாலிஷ்ல கிண்ணம் மாதிரி குழி நிக்கும், குழிக்குள்ள ஒவ்வொரு ஒமட்டிடியமும் முடியும் அப்படியே பதிஞ்சிருக்கும். அந்த படலத்தை உரிச்சு சுத்தமான ஸ்லைடுல அச்சு மேல பாத்த மாதிரி வச்சு, கவர்ஸ்லிப் போட்டு, கண்டென்சரை கொஞ்சம் இறக்கி 20 எக்ஸ்ல பாருங்க. ஓரம் எல்லாம் விளக்கு ஏத்தின மாதிரி எழும்பி வரும்.

எண்ணும்போது முழு கண்ணையும் எண்ண முயற்சி பண்ணாதீங்க, வளைவுல ஃபோகஸ் போயிடும். கண்ணோட நடுவுல ஒரே அளவு கட்டம் போட்டு அதுக்குள்ள எத்தனை ஒமட்டிடியம், எத்தனை அறுகோணம் மாறி சதுரமாவோ வட்டமாவோ இருக்கு, எத்தனை ஜோடி ஒட்டிக்கிடக்கு, எத்தனை முனையில முடி இல்ல, எத்தனைல ரெண்டு முடின்னு அஞ்சு காலமா எழுதுங்க. கண்ட்ரோல் ஈயிலயும் ஓரத்துல சிலது கோணலா இருக்கும், அது இயல்பு. எந்த ஸ்லைடு எந்த குரூப்னு எண்ணறவருக்கு தெரியவே கூடாது, நண்பரை விட்டு நம்பர் மாத்தி ஒட்டச் சொல்லுங்க. மருந்து ஸ்லைடுன்னு தெரிஞ்சா நேர்மையான கண்ணுக்கும் தப்பு கூடுதலா தெரியும்.

ஸ்டெப் 9: உள்ள இருக்கிற டிஸ்க்கை பாக்கறது

சுவத்துல ஏறி அலையற மூணாவது இன்ஸ்டார் புழுவை பிபிஎஸ்ங்கற உப்புக் கரைசல்ல போட்டு, ஒரு ஊசியால நடு உடம்பை பிடிச்சு இன்னொண்ணால வாய்க் கொக்கியை மெதுவா இழுத்தா மூளையோட சேந்து ரெண்டு கண் டிஸ்க்கும் வந்துடும். அக்ரிடின் ஆரஞ்சு சாயத்துல அஞ்சு நிமிஷம் வச்சு, கழுவி, உடனே ஃப்ளூரசென்ஸ்ல பாருங்க, செத்துகிட்டு இருக்கிற செல் பச்சையா மின்னும். இதை ஃபார்மலின்ல ஃபிக்ஸ் பண்ணக்கூடாது, தாமதமும் பண்ணக்கூடாது, ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு டிஸ்க் மட்டும் எடுத்து முடிங்க. ஃப்ளூரசென்ஸ் இல்லன்னா ட்ரைபான் ப்ளூ, சாதா மைக்ராஸ்கோப்லயே நீலமா தெரியும்.

இங்க ஒரு பொறி இருக்கு. மருந்து புழு பெரும்பாலும் மெதுவா வளரும். 110வது மணி நேரத்துல ரெண்டு குரூப்பையும் அறுத்து பாத்தா மருந்து டிஸ்க்ல ஃபர்ரோ பின்னாடியே நிக்கும், அது கெட்டுப் போனதுன்னு நினைச்சுடுவீங்க, உண்மைல அது லேட், அவ்வளவுதான். கடிகாரத்தை வச்சு ஒப்பிடாதீங்க, வளர்ச்சி நிலையை வச்சு ஒப்பிடுங்க, வெள்ளை ப்ரீப்யூப்பா ஆன நிமிஷத்துல ரெண்டு பக்கமும் எடுங்க. தாமதத்தை தனி ரிசல்ட்டா எழுதலாம், அதுவும் மதிப்பான தகவல்தான்.

ஸ்டெப் 10: நிறமியும் வெள்ளைத் திட்டும்

சிவப்பு நிறமிக்கு சம எண்ணிக்கைல தலைகளை எடுத்து, அமிலம் சேத்து பிஎச் 2 ஆக்கின 30 சதவீத எத்தனால்ல இருட்டுல ஊற வச்சு 480 நானோமீட்டர்ல அளந்தா ட்ரோசோப்டெரின் அளவு வரும். கண்ணு சின்னதா இருந்தாலே இது குறையும், அதனால கண்ணு பரப்பால வகுத்து சொல்லுங்க.

மருந்து டிஎன்ஏவை தொடுதான்னு கேள்வி இருந்தா கண்ணுலயே அதுக்கும் வழி இருக்கு. தாமஸ் ஹன்ட் மார்கன் 1910ல எழுதின அதே வெள்ளைக்கண்ணு ஜீன்தான். வெள்ளைக்கண்ணு கன்னிப் பெட்டையை, 25 டிகிரில வெளிய வந்து எட்டு மணி நேரத்துக்குள்ள பிரிச்சது, சிவப்புக்கண்ணு ஆணோட சேருங்க. பொறக்கற பெட்டை எல்லாத்துக்கும் ஒரு நல்ல ஜீன், ஒரு வெள்ளை ஜீன், கண்ணு சிவப்பு. புழுவா இருக்கும்போது ஏதாவது ஒரு கண் செல்லுல அந்த நல்ல ஜீன் போயிட்டா அந்த செல்லுக்கு பொறந்த செல் எல்லாம் வெள்ளை, பெரிய ஈயோட சிவப்புக் கண்ணுல ஒரு வெளுத்த திட்டா நிக்கும். சீக்கிரம் அடிபட்டா பெரிய திட்டு, லேட்டா அடிபட்டா ரெண்டு மூணு ஒமட்டிடியம் மட்டும். ஆண் குஞ்சு எல்லாம் முழு வெள்ளைக்கண்ணு, அதை எண்ண முடியாது. கண்ட்ரோல்லயும் எப்பவாவது திட்டு வரும், அதனால இதுக்கு மட்டும் நூத்துக்கணக்குல கண்ணு பாக்கணும், பொறுமை இருந்தா ஆரம்பிங்க.

ஸ்டெப் 11: அந்த கண்ணு பாக்குதா

வெளியில அழகா இருக்கிற கண்ணு உள்ள குருடா இருக்கலாம், இமிடாகுளோப்ரிட் ஆய்வு சொன்னதே அந்த மாதிரி விஷயம்தான். எலக்ட்ரோரெட்டினோகிராம் (கண்ணோட மின் சிக்னலை அளக்கறது) இருந்தா நல்லது, இல்லன்னா ரெண்டு டெஸ்ட் டியூபை வாயோட வாய் ஒட்டி ஒண்ணை கறுப்பு பேப்பர்ல சுத்திடுங்க, ஈயை இருட்டு பக்கம் தட்டிவிட்டு படுக்க வச்சு, வெளிச்ச பக்கம் ஒரு நிமிஷத்துல எத்தனை வருதுன்னு எண்ணுங்க. ஆனா பூச்சிமருந்து கால் நரம்பையும் பிடிக்கும், பாக்க முடிஞ்சும் நடக்க முடியாம நிக்கலாம். அதே ஈயை சிவப்பு வெளிச்சத்துல, அது ஈக்கு கிட்டத்தட்ட இருட்டுதான், சுவர் ஏற விட்டு பாருங்க. ஏறுது, ஆனா வெளிச்சத்துக்கு வரலன்னா அப்பதான் பார்வைன்னு பேசலாம்.

உள்ள ரேப்டோமியர் இருக்கான்னு பாக்க தலையை ஸ்லைடுல நெயில்பாலிஷ்ல ஒட்டி, மேல இம்மர்ஷன் ஆயில் விட்டு, கீழ இருந்து பலமான வெளிச்சம் குடுங்க. ஒவ்வொரு ஒமட்டிடியத்துலயும் ஏழு புள்ளி ஒரு சாய்ஞ்ச கட்டமா தெரியும், ஆர்7 மேலயும் ஆர்8 கீழயும் ஒண்ணு மேல ஒண்ணு நிக்கறதால எட்டு செல்லுக்கு ஏழு புள்ளி. ஆறோ அஞ்சோ தெரிஞ்சா ஒண்ணோ ரெண்டோ செல் போயிருக்கு.

ஸ்டெப் 12: கணக்கும் எழுத்தும்

ஒரு புட்டில இருந்து 30 ஈ எடுத்துட்டு சாம்பிள் 30ன்னு போடாதீங்க, மருந்து குடுத்தது புட்டிக்கு, அதனால புட்டிதான் ஒரு எண்ணிக்கை. அஞ்சு புட்டி, புட்டிக்கு ஆறு ஈன்னு எடுத்து புட்டி சராசரில டெஸ்ட் போடுங்க. திட்டு, ஒட்டல் மாதிரி இருக்கு இல்லைங்கறதுக்கு ஃபிஷர் டெஸ்ட் இல்ல கை-ஸ்கொயர் டெஸ்ட்.

எழுதும்போது தயாரிப்பு பேரா சுத்த மருந்தா, சாப்பாட்டுல கலந்த அளவா புழு நிஜமா தின்ன அளவா, எந்த மணி நேரத்துல இருந்து எது வரைக்கும், ஆணா பெண்ணா, இன்குபேட்டர் எத்தனை வரைக்கும் போச்சு, எல்லாத்தையும் போடுங்க. பட்டினி கண்ட்ரோலோட படத்தை மருந்து படத்துக்கு பக்கத்துலயே வைங்க. ஈயில வந்ததை அப்படியே தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் நீட்டாதீங்க, தேனீ புழுவுக்கு வேலைக்காரத் தேனீ ஊட்டற சாப்பாடு வழியாத்தான் மருந்து போகும், அளவே வேற.

முடிஞ்ச புட்டிகளை மூடியோட ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வச்சு எல்லாம் செத்த பிறகு, மருந்து பேரு தேதி எழுதின கெமிக்கல் வேஸ்ட் டப்பால போடுங்க. மிச்ச ஸ்டாக்கை சிங்க்ல ஊத்தாதீங்க, ஆட்டோகிளேவ்லயும் வைக்காதீங்க, சூட்டுல ஆவியாகி ரூம் முழுக்க பரவும். புட்டியை கழுவின முதல் ரெண்டு தண்ணியும் அதே வேஸ்ட் கேன்லதான் போகணும்.